பழைய டிஸ்க் தெரிகிறது, திறக்க விடுவதில்லை: அறிகுறியைப் பார்த்துத் திருத்தும் வழி

கல்முனையில் சின்னதாக ஒரு கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசொஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றதிலிருந்து லெப்டொப் மாற்றுகிறவர்கள் கூடிவிட்டார்கள். கூடவே ஒரு முறைப்பாடும் கூடிவிட்டது: "தம்பி, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கொழுவினா போல்டர் தெரியுது, ஆனா திறக்க விடுதில்ல." காரைதீவு ஸ்டூடியோக்காரர், மருதமுனை ரியூஷன் சேர், சம்மாந்துறை நெல் ஆலைக் கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் இதே வசனம்தான். முகத்தைப் பார்த்தால் பத்து வருடச் சேமிப்பு பறிபோனது போல இருக்கும்.

பெரும்பாலும் ஒரு பைலும் தொலைந்திருக்காது. பழைய கணினியிலும் புதியதிலும் நீங்கள் ஒரே பெயரில் கணக்கு வைத்திருக்கலாம். விண்டோஸ் அந்தப் பெயரைப் பார்ப்பதில்லை, அதற்குப் பின்னால் இருக்கும் ஒரு நீண்ட இலக்கத்தைப் பார்க்கிறது. இலக்கம் வேறென்றால் அதற்கு ஆளும் வேறு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, வேலைக்கு வருவோம்.

கை வைப்பதற்கு முன்

பழைய கணினியை விற்க வேண்டாம், போர்மட் பண்ண வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். இரண்டு மாதமாவது அலுமாரியில் கிடக்கட்டும். ஏன் என்பது ஐந்தாவது அறிகுறியில் வரும்.

புதிய கணினியில் நீங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர்தானா என்று பாருங்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ என்று போனால் பெயருக்குக் கீழே எழுதியிருக்கும். அது இல்லாமல் கீழே சொல்வதில் பாதி நடக்காது.

எதையும் 'கட்' பண்ணி எடுக்காதீர்கள், 'கொப்பி' பண்ணுங்கள். ஒரே டிரைவுக்குள் இழுத்துப் போட்டால் பழைய அனுமதியும் ஒட்டிக்கொண்டு கூடவே வரும். கொப்பி எடுத்தால் போய்ச் சேரும் இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். பழைய டிஸ்க்கும் கைபடாமல் இருக்கும்.

டிஸ்க்கை யூஎஸ்பி பெட்டியில் போட்டுக் கொழுவுகிறீர்கள் என்றால்: லெப்டொப்பின் இரண்டரை அங்குல டிஸ்க் யூஎஸ்பி மின்னிலேயே ஓடும். மேசைக் கணினியின் மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனியாக 12 வோல்ட் அடெப்டர் வேண்டும். அது இல்லாமல் கொழுவிவிட்டு "டிஸ்க் செத்துப்போச்சு" என்று கொண்டுவந்தவர்கள் உண்டு.

அறிகுறி 1: போல்டரைத் திறந்தால் "உங்களுக்கு அனுமதி இல்லை"

வருகிறவர்களில் அதிகமானோர் இந்த அறிகுறியோடுதான் வருகிறார்கள். திரையில் வரும் வசனத்தை அவசரப்படாமல் முழுதாக வாசியுங்கள். அதில் இரண்டு வகை இருக்கிறது.

*"கன்டினியூ" பொத்தான் வந்தால்*

அதை அழுத்துங்கள். பழைய யூசர் போல்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவுக்கு அநேகமாக அனுமதி இருக்கும். விண்டோஸ் அதை வைத்து உங்கள் கணக்கையும் உள்ளே சேர்த்துவிடும். ஒவ்வொரு பைலாகச் சேர்க்க வேண்டியிருப்பதால் நேரம் எடுக்கும். எத்தனை ஜிகாபைட் என்பதல்ல, எத்தனை பைல் என்பதுதான் கணக்கு. அந்த ஸ்டூடியோக்காரரின் கலியாணப் படங்கள் இருந்த டிஸ்க்கில் மேலே பச்சைக் கோடு பாதியில் நின்று அசையாமல் கிடந்தது. அவர் கதிரை நுனிக்கு வந்துவிட்டார். "நின்றுபோச்சு, கழற்றுவமா?" என்று இரண்டு முறை கேட்டார். டிஸ்க்கின் சிறிய விளக்கு விடாமல் மினுங்கிக்கொண்டிருந்ததைக் காட்டினேன். விளக்கு மினுங்கும் வரை வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு பிளேன்டீ முடிந்த பிறகு போல்டர் திறந்தது. நடுவில் வயரைக் கழற்றியிருந்தால் பாதிக்கு ஒரு அனுமதி, பாதிக்கு வேறு அனுமதி என்று குழம்பியிருக்கும்.

*"செக்யூரிட்டி டேபைப் பாவியுங்கள்" என்று வந்தால்*

இங்கே ஓனரை மாற்ற வேண்டும். போல்டரில் வலது கிளிக், புரொப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்ட். மேலே 'ஓனர்' என்ற வரியில் பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட இலக்கம் நின்றால், அதுதான் பழைய கணினியில் இருந்த நீங்கள். சில நேரம் ஓனர் யாரென்றே காட்ட முடியவில்லை என்று வரும். அதுவும் இதே கதைதான்.

பக்கத்தில் 'சேஞ்ச்' அழுத்தி, உங்கள் கணக்குப் பெயரைத் தட்டி, 'செக் நேம்ஸ்' கொடுங்கள். பெயருக்குக் கீழே கோடு விழுந்தால் சரி. விழாவிட்டால் திரையில் தெரியும் பெயர் வேறு, கணக்கின் உண்மைப் பெயர் வேறு. மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழைகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், அப்போது முழு மின்னஞ்சல் முகவரியைத் தட்டிப் பாருங்கள். பிறகு ஓனர் வரிக்குக் கீழே 'ரீப்ளேஸ் ஓனர் ஒன் சப்கன்டெய்னர்ஸ்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் சரி அடையாளம் போட மறந்தால் வெளிப் போல்டர் மட்டும் உங்களுடையதாகும், உள்ளே போனால் மறுபடியும் அதே சுவர். அப்ளை, ஓகே.

இப்போது எல்லா ஜன்னலையும் மூடிவிட்டுத் திரும்பத் திறக்க வேண்டும். மூடாவிட்டால் புதிய அனுமதிகள் திரையில் தெரியாது, ஒன்றும் நடக்கவில்லை என்று நினைப்பீர்கள்.

*ஓனர் மாறியும் திறக்காவிட்டால்*

ஓனர் என்பது ஒன்று, அனுமதி என்பது வேறொன்று. வீட்டு உறுதி உங்கள் பெயரில் இருக்கலாம், சாவி வேறொருவர் கையில் இருக்கலாம். அதே அட்வான்ஸ்ட் ஜன்னலில் 'ஆட்' அழுத்தி, 'செலக்ட் எ பிரின்சிபல்' என்பதில் உங்கள் பெயரைக் கொடுத்து, 'ஃபுல் கன்ட்ரோல்' போடுங்கள். கீழே இருக்கும் 'ரீப்ளேஸ் ஓல் சைல்ட் ஒப்ஜெக்ட்' பெட்டியையும் தெரிவு செய்து அப்ளை கொடுங்கள். பட்டியலில் 'டினை' என்று ஒரு வரி இருந்தால் அதை முதலில் நீக்க வேண்டும். பொதுவாக, அப்படி ஒரு மறுப்பு இருக்கும்போது எத்தனை அனுமதி கொடுத்தாலும் அது எடுபடாது.

சிலர் வீடியோ பார்த்துவிட்டு 'எவ்ரிவன்' என்று தட்டி ஃபுல் கன்ட்ரோல் கொடுக்கிறார்கள். வேலை நடக்கும்தான். மறுகா அந்தக் கணினியில் கணக்கு வைத்திருக்கும் பிள்ளையும், ரிப்பேருக்கு எடுக்கிறவனும், போல்டரைப் பகிர்ந்திருந்தால் வலையில் நுழைகிறவனும் அதைத் திறக்கலாம், அழிக்கலாம். உங்கள் பெயரை மட்டும் கொடுங்கள்.

இந்த வேலையைப் பழைய டிஸ்க்கின் யூசர்ஸ் போல்டருக்குள் இருக்கும் உங்கள் போல்டரில் மட்டும் செய்யுங்கள். புதிய கணினியின் சி டிரைவ் முழுவதிலும், விண்டோஸ் போல்டரிலும், புரோகிராம் ஃபைல்ஸிலும் செய்யவே வேண்டாம். அங்கே ஓனர் 'ட்ரஸ்டட் இன்ஸ்டோலர்' என்று இருப்பது பிழையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு பொடியன் சி டிரைவ் முழுவதையும் தன் பெயருக்கு எடுத்துவிட்டுக் கொண்டுவந்தான். கடைசியில் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத்தான் கொடுத்தேன்.

*மை மியூசிக், மை பிக்சர்ஸ் மட்டும் திறக்காவிட்டால்*

விட்டுவிடுங்கள். அவை போல்டர்களே அல்ல. பழைய மென்பொருள்களுக்காக விண்டோஸ் வைத்திருக்கும் கைகாட்டி மரங்கள். எந்தக் கணினியிலும் அவை திறக்காது. உங்கள் படங்கள் பிக்சர்ஸ் போல்டரில்தான் இருக்கின்றன.

அறிகுறி 2: திறக்கிறது, ஆனால் சேமிக்க விடுவதில்லை

முதலில் ஒரு வீண் பயத்தைப் போக்கிவிடுகிறேன். போல்டரின் புரொப்பர்டீஸில் 'ரீட்-ஒன்லி' பெட்டிக்குள் ஒரு சின்னச் சதுரம் நிற்கும். எடுத்தால் போகும், திரும்பத் திறந்தால் வந்து நிற்கும். அது வைரஸும் இல்லை, பூட்டும் இல்லை. போல்டருக்கு அந்த அடையாளத்தால் எதையும் தடுக்க முடியாது. தனிப் பைலில் 'ரீட்-ஒன்லி' சரி போட்டிருந்தால் மட்டும்தான் கவலை, அதை எடுத்துவிட்டால் போதும்.

வேர்ட் மேலே மஞ்சள் பட்டையுடன் திறந்தால், அந்தப் பைல் மின்னஞ்சலிலோ இணையத்திலோ வந்தது என்று விண்டோஸ் குறித்து வைத்திருக்கிறது. பைலின் புரொப்பர்டீஸில் கீழே 'அன்பிளொக்' என்று இருக்கும். அனுப்பியவரைத் தெரிந்தால் அழுத்துங்கள்.

"வேறொருவர் இதில் வேலை செய்கிறார்" என்று உங்கள் சொந்தப் பெயரையே காட்டுகிறதா? ரியூஷன் சேருக்கு நடந்தது இது. பழைய கணினியில் வினாத்தாள் தட்டிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது. வேர்ட் மூடப்படாததால் அதன் தற்காலிகப் பூட்டுப் பைல் அப்படியே கிடந்திருக்கிறது. போல்டரோடு சேர்த்து அதையும் கொப்பி எடுத்து வந்துவிட்டார். மறைந்திருக்கும் பைல்களைக் காட்டச் சொன்னால் (எப்படி என்பது அறிகுறி 4-ல் வரும்), பெயரின் முன்னால் அலைக்குறியும் டொலர் குறியுமாக ஒன்று தெரியும். வேர்டை மூடிவிட்டு அதை மட்டும் அழியுங்கள்.

இவை எதுவும் இல்லை, ஆனால் டொக்கியுமென்ட்ஸில் மட்டும் சேமிக்க முடியவில்லை, வேறு இடத்தில் முடிகிறது என்றால், விண்டோஸ் செக்யூரிட்டியில் 'ரேன்சம்வெயார் புரொடெக்ஷன்' பகுதியைப் பாருங்கள். 'கன்ட்ரோல்ட் ஃபோல்டர் அக்சஸ்' ஓனில் இருந்தால் தெரியாத மென்பொருள்களை அது டொக்கியுமென்ட்ஸில் எழுத விடாது. அதை முழுதாக நிறுத்த வேண்டாம், உங்கள் மென்பொருளை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேருங்கள்.

இதற்குப் பிறகும் சரிவராவிட்டால் அறிகுறி 1-க்குத் திரும்பி, பட்டியலில் உங்கள் பெயருக்கு நேரே 'ரீட்' மட்டும் இருக்கிறதா, 'மொடிஃபை'யும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி 3: கணக்கு மென்பொருள் பழைய கணக்கைக் காட்டுகிறது

முதலில் பார்க்கும்போது என்னையே ஏமாற்றியது இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நெல் ஆலையில் பழைய கணக்கு மென்பொருள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் எங்கே என்று தெரியாது. அது தன் தரவைப் புரோகிராம் ஃபைல்ஸில் தன் போல்டருக்குள்ளேயே வைக்கும் ரகம். நான் அந்தப் போல்டரை அப்படியே புதிய கணினிக்குக் கொண்டுவந்தேன். திறந்தது. ஆனால் மென்பொருளைப் போட்ட நாளோடு கணக்கு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த பெரும்போகமும் இல்லை, சிறுபோகமும் இல்லை. கணக்கப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். புரோகிராம் ஃபைல்ஸில் சாதாரணமாக எழுத அனுமதி கிடையாது. ஆனால் பழைய மென்பொருள்கள் எழுதக் கேட்கும். விண்டோஸ் அவற்றின் முகத்தில் அடித்தாற்போல மறுக்காமல், "எழுதிவிட்டேன்" என்று சொல்லிவிட்டு, யூசர் போல்டருக்குள் வேறோர் இடத்தில் எழுதி வைக்கும். இடத்தின் பெயர் 'வேர்ச்சுவல் ஸ்டோர்'. உங்கள் யூசர் போல்டர், அதற்குள் ஆப்-டேட்டா, அதற்குள் லோக்கல், அதற்குள் இருக்கும். ஆப்-டேட்டா மறைந்திருக்கும் போல்டர் என்பதால் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.

ஆகவே பழைய டிஸ்க்கில் வேர்ச்சுவல் ஸ்டோரைத் திறந்து, அங்கே அந்த மென்பொருளின் பெயரில் போல்டர் இருக்கிறதா, அதிலுள்ள பைல்களின் திகதி புதியதா என்று பாருங்கள். இருந்தால் உண்மையான கணக்கு அதுதான். அந்தப் பைல்களை எடுத்து, புதிய கணினியில் சி டிரைவில் தனியாக ஒரு போல்டர் திறந்து, மென்பொருளையும் தரவையும் அங்கே வையுங்கள். அந்தப் போல்டருக்கு மட்டும் உங்கள் பெயரில் எழுதும் அனுமதி கொடுங்கள். மென்பொருளை எப்போதும் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கும்படி போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கடையில் வேலைக்கு நிற்கும் ஆளிடம் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டிவரும்.

திகதி எல்லாம் பழையதாகவே இருந்தால், அல்லது மென்பொருள் தனி டேட்டாபேஸ் சேர்வர் ஒன்றைப் பாவிக்கிறது என்று தெரிந்தால், அதற்கு மேல் போகாமல் அந்த மென்பொருள் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அறிகுறி 4: போல்டர் வெறுமையாக இருக்கிறது

டொக்கியுமென்ட்ஸ் வெறுமையா? அதே யூசர் போல்டருக்குள் 'வன்டிரைவ்' (மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பு) என்று ஒரு போல்டர் இருக்கும், அதற்குள்ளும் ஒரு டொக்கியுமென்ட்ஸ், ஒரு பிக்சர்ஸ் இருக்கும். கணினியைத் தொடங்கும்போது யோசிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' அழுத்தியவர்களுக்கு எல்லாம் அங்கே போயிருக்கும்.

அங்கே பெயர் தெரிகிறது, திறக்கவில்லை என்றால் பைலின் புரொப்பர்டீஸில் 'சைஸ் ஒன் டிஸ்க்' என்ற வரியைப் பாருங்கள். பூச்சியம் என்றால் அந்தப் பைல் டிஸ்க்கில் இல்லை, பெயர்ப் பலகை மட்டும்தான். ஓனர் மாற்றி ஒரு பிரயோசனமும் இல்லை. பழைய மைக்ரோசொஃப்ட் கணக்கால் வன்டிரைவில் நுழைந்து இறக்க வேண்டும்.

பென்ட்ரைவில் கொண்டுவந்தீர்கள், போல்டர்களுக்குப் பதிலாக ஷோர்ட்கட் மட்டும் தெரிகிறது என்றால் வைரஸ். ஷோர்ட்கட்டைத் திறக்கவே வேண்டாம். எக்ஸ்புளோரரில் வியூ, ஷோ, 'ஹிடன் ஐட்டம்ஸ்' போடுங்கள். அதிலும் தெரியாவிட்டால் ஃபோல்டர் ஒப்ஷன்ஸில் 'ஹைட் புரொடெக்டட் ஒப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்பதில் உள்ள சரியை எடுங்கள். உண்மைப் போல்டர் மங்கலாகத் தெரியும். போல்டரை எடுக்காமல் உள்ளே இருப்பவற்றை மட்டும் புதிய போல்டருக்குக் கொப்பி பண்ணி, ஸ்கேன் பண்ணி, பென்ட்ரைவைப் போர்மட் பண்ணுங்கள்.

அறிகுறி 5: ஓனர் நான்தான், ஆனாலும் பூட்டு

பைல் படத்தின் மூலையில் சின்னப் பூட்டு நிற்கிறது. ஓனரும் நீங்கள், ஃபுல் கன்ட்ரோலும் உங்களுக்கு. ஆனாலும் மறுக்கிறது. புரொப்பர்டீஸில் அட்வான்ஸ்ட் அழுத்திப் பாருங்கள். 'என்கிரிப்ட் கன்டென்ட்ஸ்' என்பதில் சரி இருந்தால் இது அனுமதிப் பிரச்சினை அல்ல. பைல் குழப்பிப் பூட்டப்பட்டிருக்கிறது, சாவி பழைய விண்டோஸ் கணக்கோடு இருக்கிறது. விண்டோஸ் ஹோம் பதிப்பில் இந்த வசதி இல்லை, ப்ரோ போட்ட அலுவலகக் கணினிகளில்தான் பார்த்திருக்கிறேன்.

வழி ஒன்றுதான்: பழைய கணினியைப் பழைய கணக்கால், பழைய பாஸ்வேர்டால் திறந்து அந்தச் சரியை எடுத்துவிட்டுக் கொப்பி பண்ண வேண்டும், அல்லது அங்கிருந்து அந்தச் சாவி அடங்கிய சான்றிதழை 'எக்ஸ்போர்ட்' பண்ணி எடுத்துவர வேண்டும். பாஸ்வேர்ட் மறந்தது என்று வேறு அட்மின் கணக்கால் அதை வலிந்து மாற்றினால் அந்தச் சாவியும் போய்விடும். நிந்தவூர்ப் பக்கமிருந்து வந்த ஒருவரிடம் கேட்டேன், "காக்கா, பழைய லெப்டொப் எங்க?" "அத போர்மட் பண்ணி மருமகனுக்குக் குடுத்துட்டன்." அவருடைய பைல்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. யாராலும் முடியாது. காசு தந்தால் உடைத்துத் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள்.

டிஸ்க் முழுவதுமே பூட்டியிருந்து, கொழுவியவுடன் சாவி கேட்டால் அது பிட்லொக்கர். 48 இலக்கம் கொண்ட மீட்புச் சாவி வேண்டும். நான் போடவே இல்லையே என்பீர்கள். மைக்ரோசொஃப்ட் கணக்கால் நுழையும் பல லெப்டொப்களில் அது தானாகவே ஓனாகியிருக்கும். நல்ல விசயம் என்னவென்றால் சாவியும் தானாகவே அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். கணக்கின் இணையப் பக்கத்தில் நுழைந்து உங்கள் கருவிகளின் பட்டியலில் தேடுங்கள். திரையில் காட்டும் சாவி அடையாளமும் அங்கே இருப்பதும் ஒன்றா என்று முதல் எட்டு எழுத்தைப் பொருத்திப் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் வாங்கிய நாளில் அச்சிட்ட தாள், வேறு மின்னஞ்சல் கணக்கு, வேலைத்தல நிர்வாகி என்று தேட வேண்டியதுதான்.

அறிகுறி 6: திறக்கிறது, எழுத்துத்தான் கோணல்

இதையும் "பர்மிஷன் பிரச்சினை" என்று கொண்டுவருகிறார்கள். பைல் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருந்தால் அது பாமினியில் தட்டியது. புதிய கணினியில் அந்த எழுத்துரு இல்லை. பழைய டிஸ்க்கில் விண்டோஸ் போல்டருக்குள் ஃபொன்ட்ஸில் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் யூசர் போல்டரின் ஆப்-டேட்டாவுக்குள், லோக்கல், மைக்ரோசொஃப்ட், விண்டோஸ், ஃபொன்ட்ஸ். எடுத்து வலது கிளிக்கில் இன்ஸ்டோல் கொடுங்கள்.

அறிகுறி 7: கடையின் மற்றக் கணினிக்குள் போக முடியவில்லை

பில் போடும் கணினியை மாற்றினோம், உள்ளறைக் கணினியின் போல்டர் திறக்கவில்லை என்பார்கள். பகிர்ந்த போல்டருக்கு இரண்டு வாசல்: ஷெயாரிங் அனுமதி ஒன்று, செக்யூரிட்டி அனுமதி ஒன்று. எது இறுக்கமோ அதுதான் செல்லும். ஒன்றில் எழுதும் அனுமதி, மற்றதில் வாசிக்கும் அனுமதி என்றால் வாசிக்கத்தான் முடியும்.

பழைய விண்டோஸில் பாஸ்வேர்ட் இல்லாமல் நுழைந்து பழகியவர்களுக்குப் புதியது இடம் கொடுக்காமல் போகலாம். பாதுகாப்பை இறக்குவதைவிட, பகிரும் கணினியில் பாஸ்வேர்டோடு ஒரு கணக்குத் திறந்து அந்தப் பெயரால் நுழைவதே எளிது. விண்டோஸ் பழைய பாஸ்வேர்டை நினைவில் வைத்துக்கொண்டு முரண்டு பிடித்தால் 'கிரெடென்ஷியல் மெனேஜர்' போய் அந்த வரியை நீக்குங்கள்.

அறிகுறி 8: லினக்ஸிலும் மெக்கிலும்

லினக்ஸில் ஓனர் இடத்தில் பெயருக்குப் பதில் 1001 போல ஓர் இலக்கம் நின்றால் இதே கதைதான். உபுண்டுவில் முதல் ஆளுக்கு 1000, மெக்கில் 501. பழைய கணினியில் நீங்கள் இரண்டாவதாகச் சேர்ந்தவர், புதியதில் முதலாவது ஆள் என்றால் இலக்கம் பொருந்தாது. சூடோ (அட்மின் அதிகாரம்) போட்டு 'சீஎச்-ஓன்' கட்டளையால் உங்கள் வீட்டுப் போல்டரின் ஓனரை மாற்றுங்கள். அழுத்துவதற்கு முன் பாதையை இரண்டு முறை வாசியுங்கள். வீட்டுப் போல்டருக்குப் பதில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் வேர் போல்டருக்குப் போய்விட்டால் திரும்ப நிறுவுவதுதான் மிச்சம்.

திறக்கவில்லை என்று எல்லாவற்றுக்கும் 777 (யாருக்கும் எல்லா அனுமதியும் என்று அர்த்தம்) போடுகிறவர்கள் வந்தாறுமூலைக் கம்பஸ் பிள்ளைகளிலும் உண்டு. அதற்குப் பிறகு, தூரத்துக் கணினிக்குள் நுழையப் பாவிக்கும் எஸ்எஸ்எச் சாவி வேலை செய்யவில்லை என்று வருவார்கள். அந்தச் சாவிப் பைலை உங்களைத் தவிர வேறு யாரும் வாசிக்க முடிந்தால் எஸ்எஸ்எச் அதை ஏற்காது, 600 (உங்களுக்கு மட்டும் வாசிக்க, எழுத) வேண்டும். போல்டருக்கு 755, சாதாரணப் பைலுக்கு 644 என்று பிரித்துப் போடுங்கள். போல்டருக்கு 644 போட்டால் உள்ளே நுழையவே முடியாது.

விண்டோஸ் டிஸ்க்கை லினக்ஸில் கொழுவி, எழுத விடவில்லை என்றால் ஓனரைத் தொடாதீர்கள். விண்டோஸ் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்'பால் முழுதாக நிற்காமல் தூங்கியிருக்கும். அங்கே போய் ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மெக்கில் 'கெட் இன்ஃபோ' ஜன்னலின் கீழே பூட்டைத் திறந்து உங்கள் பெயரைச் சேர்த்து, 'அப்ளை டு என்குளோஸ்ட் ஐட்டம்ஸ்' கொடுங்கள். வெளி டிஸ்க் என்றால் அதே இடத்தில் 'இக்னோர் ஓனர்ஷிப்' என்று சுருக்கு வழியும் உண்டு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் போர்மட்டில் இருக்கும் டிஸ்க்கை மெக் வாசிக்கும், அதில் எழுதாது. அதை அனுமதிப் பிழை என்று நினைத்து மினக்கெட வேண்டாம்.

அறிகுறி 9: கொப்பி நடுவில் நின்றுவிடுகிறது

ஒரே பைலில்தான் எப்போதும் நிற்கிறது, அதைத் தாண்டினால் மற்றவை ஓடுகின்றன என்றால் பாதை, அதாவது போல்டர் பெயர்களும் பைல் பெயரும் சேர்ந்த வரி, நீளமாக இருக்கலாம். விண்டோஸின் பழைய வரம்பு 260 எழுத்து. போல்டருக்குள் போல்டராக 'நியூ ஃபோல்டர்' அடுக்கியவர்களுக்கு இது வரும், தமிழில் பெயர் வைத்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். கொம்பும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் 'மட்டக்களப்பு' என்பது நமக்கு எட்டு எழுத்து, கணினிக்குப் பன்னிரண்டு. மேல் போல்டர்களின் பெயரைச் சுருக்கினால் போதும்.

நான்கு ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வீடியோ பென்ட்ரைவில் ஏறவில்லை என்றால் பென்ட்ரைவ் ஃபெட் 32. எக்ஸ்-ஃபெட்டில் போர்மட் பண்ணுங்கள். இந்த இரண்டு போர்மட்டிலும் ஓனர் என்ற ஒன்றே கிடையாது. ஆகவே பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதில் இப்படியொரு பென்ட்ரைவைக் கொழுவிக் கொப்பி எடுப்பதே முழுத் தலையிடிக்கும் சுருக்கு வழி.

ஆனால் "சைக்ளிக் ரிடன்டன்சி" என்றோ, "ஐ/ஓ டிவைஸ் எரர்" என்றோ வந்தால், அல்லது டிஸ்க்கிலிருந்து பல்லி சொல்வது போல 'டிக், டிக்' கேட்டால், உடனே கழற்றுங்கள். இது அனுமதி அல்ல, டிஸ்க் சாகிறது. ஓனர் மாற்றுவதென்றால் ஒவ்வொரு பைலிலும் எழுத வேண்டும், சாகும் டிஸ்க்கில் அதைச் செய்வது காய்ச்சல்காரனை ஓட விடுவதற்குச் சமம். விண்டோஸ் "டிஸ்க்கைத் திருத்தவா?" என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாரி வெள்ளத்தில் நனைந்த கணினியின் டிஸ்க்கும் இப்படித்தான்: காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு தடவைகூட மின் கொடுக்க வேண்டாம்.

இந்தக் கட்டத்தில் திருத்துகிறவரிடம் கொண்டுபோகலாம். ஆனால் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "முழு டிஸ்க்கையும் வேறு டிஸ்க்குக்குக் குளோன் எடுத்துவிட்டு, அந்தக் குளோனில் வேலை செய்வீங்களா?" ஆம் என்றால் கொடுங்கள். "திறந்து பார்ப்பம்" என்று ஸ்குரூடிரைவரை எடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சத்தம் போடும் டிஸ்க்கை என் கடையிலும் திறப்பதில்லை, தூசி புகாத அறை வைத்திருக்கிற தரவு மீட்பு இடத்துக்குக் கொழும்புக்குத்தான் அனுப்புகிறேன். அனுப்பும்போது எந்தப் போல்டர் முக்கியம் என்று ஒரு தாளில் எழுதி டிஸ்க்கோடு ஒட்டுங்கள். பெட்டிக்குள் நன்றாகப் பஞ்சு வையுங்கள்.